அம்மா இல்லாத இரண்டு இரவுகள்

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, சாரணர் முகாமுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும்போது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெயரை நானே விட்டுவிட்டேன். மூளை முடக்குவாதத்தால் இடது கையும் இடது காலும் சரியாக இயங்காதவன். கதிர் என்று வைத்துக்கொள்வோம். இரவு தங்குவது அவனுக்குச் சிரமம் என்று நானாக முடிவு செய்தேன். அவனிடமும் கேட்கவில்லை, அவன் அம்மாவிடமும் கேட்கவில்லை. முகாம் முடிந்து வந்த திங்கட்கிழமை, "சார், கூடாரத்துல எத்தனை பேர் படுப்பாங்க?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்ல முடிந்தது. அவன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்ற மாணவர்களுக்கு இணையாகத் தர வேண்டும் என்கிறது. பயிற்சியில் கேட்டு, குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்த வரிதான்.

அடுத்த ஜூன் மாதமே அவன் வீட்டுக்குப் போனேன். "ராத்திரியிலயா சார்? அவனுக்குச் சட்டை பட்டன் போடுறதே நான்தானே" என்றார் அம்மா. பதின்மூன்று வயதிலும் குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். அன்பு மட்டும் காரணமில்லை. காலை ஆறரைக்கு மில் வேன் வந்துவிடும். அவனாகக் கிளம்பினால் முக்கால் மணி நேரம் ஆகும். உறவினர் வீட்டு விசேஷங்களில் அவர் இரவு தங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பேச்சின் கடைசியில், "எனக்கப்புறம் யாரு சார் செய்வா?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

எங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் ஒரு வழி சொன்னார். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து கற்றுத்தருவது. சட்டையில் எல்லாப் பட்டன்களையும் அம்மா போட, கடைசி ஒன்றை மட்டும் அவன் போடுவான். பிறகு கடைசி இரண்டு. ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவன் அவனாகவே இருப்பதால் சலிப்பு வருவதில்லை. இயங்காத கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டினோம். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. வேன் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழக்கம். அவசரத்தில் எதையும் கற்றுத்தர முடியாது.

முதல் இரவு அதே தெருவில் இருந்த பெரியம்மா வீட்டில். அம்மா வந்து பார்க்கக் கூடாது என்பது பேச்சு. ஒன்பது மணிக்கு வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பியதாகப் பிறகு அவரே சொன்னார்.

அடுத்தது பள்ளியில் ஓர் இரவு. தலைமையாசிரியர் அனுமதியோடு எட்டுச் சாரணர்கள், இரண்டு ஆசிரியர்கள். நள்ளிரவு தாண்டி ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். கழிப்பறைக்குப் போகும் வழியில், இருட்டில், நனைந்த கால்சட்டையோடு நின்றிருந்தான். விளக்கைப் போடாமல் மாற்று உடையைக் கொடுத்தேன். காலையில் தனியாகப் பேசும்போது சொன்னான்: "எழுப்பணும்னு தெரியும் சார். யாரை எழுப்புறதுன்னு தெரியல." வீட்டில் எப்போதும் அம்மாதான். எங்கள் பட்டியலில் பட்டன் இருந்தது, சோப்பு இருந்தது. உதவி கேட்பது இல்லை. அதன்பிறகு அவன் பாய் கதவோரம், கழுத்தில் டார்ச். எழுப்புவதற்கு அவனே இரண்டு நண்பர்களைத் தேர்ந்தெடுத்தான். அவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: கேட்டால் மட்டும் உதவுங்கள். இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் பாசத்தில் அவனைத் தூக்கிக்கொண்டே நடப்பார்கள்.

வலிப்பு மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும், பல ஆசிரியர்கள் பின்வாங்குவது இதில்தான். பெற்றோரின் கடிதம், மருத்துவர் சீட்டின் நகல், நாள்வாரியாகப் பெயரெழுதிய பொட்டலங்கள் மூன்றும் வாங்கிக்கொண்டேன். கொடுத்த நேரத்தை எழுதினேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, நேரத்தைக் குறிக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை என்பதை மற்ற சாரணர்களுக்கும் சொல்லி வைத்தேன். முகாமில் வலிப்பு வரவில்லை. ஆனாலும் அந்தத் தயாரிப்பு இல்லாமல் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

ஜனவரியில் முகாம், இரண்டு இரவுகள். முதல் நாள் காலை ஒரு பட்டன் மாறிப் போட்டுக்கொண்டு அணிவகுப்பில் நின்றான். சரிசெய்ய வந்தவன் கையைத் தட்டிவிட்டான். நானும் விட்டுவிட்டேன். கொடியேற்றத்துக்குப் பிறகு அவனே மரத்தடிக்குப் போய் மாற்றிக்கொண்டான்.

இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முதல் நாள் ஏழே முக்காலுக்கே அழைத்துவிட்டார். இரண்டாம் நாள் அழைப்பே வரவில்லை. எட்டரைக்குப் பதறிப்போய் நானே அழைத்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர், "அசந்துட்டேன் சார்" என்றார்.

இந்த ஆண்டுப் பட்டியலில் கதிர் மூன்றாவது பெயர். நகம் வெட்டுவது மட்டும் இன்னும் அம்மாதான்.