அத்திக்குள் நடக்கும் பேரம்

அத்திக்காய் என்று நாம் பறிப்பது பூக்களின் கூட்டம். பூக்கள் உட்புறம் பார்த்து மலர, வெளியே சதை மூடியிருக்கும். நுனியில் செதில்கள் அடைத்த ஊசித்துளைதான் ஒரே வாசல். தேனீக்கு அங்கே இடமில்லை. ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள அத்திக் குளவிக்கு மட்டுமே அதில் வழி உண்டு.

வாசனை பிடித்து வரும் பெண் குளவி தட்டையான தலையால் செதில்களை நெம்பி நுழைகிறது. நெருக்கடியில் இறக்கைகள் பிய்ந்துபோகும், உணர்கொம்புகளும் முறியும். உள்ளே சூல்தண்டு குட்டையான பூக்களில் முட்டையிட்டபடி, நெஞ்சிலுள்ள பைகளிலிருந்து மகரந்தத்தை முன்கால்களால் எடுத்துச் சூல்முடிகளில் தேய்க்கிறது. பிறகு அங்கேயே சாகிறது. சில வாரங்களில் இறக்கையற்ற ஆண் குளவிகள் முதலில் வெளிப்பட்டு, இன்னும் பூவறையில் அடைபட்டிருக்கும் பெண்களுடன் கூடி, காயின் சுவரைத் துளைத்து வழி திறந்துவிட்டு மடிகின்றன. அதே சமயத்தில் ஆண் பூக்கள் முதிரும். பெண் குளவிகள் மகரந்தத்தை நிரப்பிக்கொண்டு வேறு மரம் தேடிப் பறக்கின்றன. ஆயுள் ஓரிரு நாள்தான். ஆனாலும் நமீபியாவில் காற்றோடு 160 கிலோமீட்டர் வரை சென்றிருக்கின்றன.

ஆல், அரசு, அத்தி உள்ளிட்ட 750-க்கும் மேற்பட்ட இனங்களில் இந்த உறவு ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஓர் இனத்துக்கு ஒரே குளவி என்ற பழைய பாடத்துக்கு இன்று விலக்குகள் ஏராளம்.

இதை நட்பு என்பது கொஞ்சம் மிகை. முட்டை ஏறிய பூவில் விதை இல்லை. விதை பிடித்த பூவில் குளவிக்குப் பங்கில்லை. மகரந்தம் தராமல் முட்டை மட்டும் இட்டுப்போகும் குளவியும் உண்டு. அப்படிப்பட்ட காய்களை மரம் உதிர்த்துவிடும், குஞ்சுகளும் கூடவே அழியும். பனாமாவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வின்படி, இந்தத் தண்டனை கடுமையாக உள்ள இனங்களில் ஏமாற்றும் குளவிகள் குறைவு.

துருக்கியிலிருந்து கலிபோர்னியாவுக்கு 1880-களில் சென்ற ஸ்மிர்னா அத்தி, காய்களைப் பழுக்குமுன்பே உதிர்த்தது. 1899-ல் குளவி வந்து சேர்ந்த பிறகே பலன் கிட்டியது. இங்கே பேரம் ஒருதலையானது. ஸ்மிர்னாவில் எல்லாச் சூல்தண்டுகளும் நீளம். குளவி மகரந்தம் மட்டும் தந்துவிட்டு வாரிசின்றிச் சாகும். குளவியைப் பெருக்கத் தனியே ஆண் மரங்களை வளர்க்க வேண்டியிருக்கிறது. கடையில் கிடைக்கும் சீமை அத்தியில் பல வகைகள் குளவியே இல்லாமல் காய்ப்பவை.