தொண்டை அடைப்பான்: மாட்டின் ரத்தத்துக்குள் நடப்பது என்ன?

ஐப்பசி அடைமழை பிடித்ததும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் பயப்பட வேண்டிய நோய் தொண்டை அடைப்பான். பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா ரத்தத்தில் பெருகுவதால் வருவது. எருமையை இன்னும் கடுமையாகத் தாக்கும். தொண்டை வீங்கி, எச்சில் ஒழுகி, மூச்சு இழுக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒருநாள்கூடத் தாங்காது.

உள்ளே நடப்பதைக் கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் வைத்துப் பார்க்கலாம். மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. எல்லாக் குழாயையும் ஒருசேரத் திறந்துவிட்டால் அடுப்படியில் சொட்டுத்தான் விழும். பாக்டீரியாவின் மேலுறை நச்சு ரத்தக் குழாய்களை அப்படித் தளர்த்தி விரித்துவிடுகிறது. குழாய்ச் சுவரும் கசிகிறது. கூடவே, ஒழுகும் அண்டாவை அடைக்க வைத்திருந்த மாவுப் பசையை யாரோ பதற்றத்தில் நல்ல குழாய்களுக்குள் அப்புகிறார்கள். நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைக்கிறது. பசை தீர்ந்துபோக, நிஜமான ஓட்டையில் ரத்தம் நிற்பதில்லை.

மருத்துவர் மாட்டின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துவார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சுணங்கினால் அடுப்படிக்குத் தண்ணீர் வரவில்லை.

ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், தொட்டியை நிரப்பாது. அதற்கு 7.2 சதவீத உப்புக் கரைசல், கிலோ எடைக்கு 4 முதல் 5 மில்லி, சிரையில் ஏறும். அது திசுக்களின் நீரைக் குழாய்க்குள் இழுக்கும். பிறகு மாடு நிறையத் தண்ணீர் குடித்தாக வேண்டும். ஃப்ளூனிக்சின் ஊசி, குழாயை விரிக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் தட்டணுக்களை ஒட்டவைக்கும் திராம்பாக்சேனையும் உருவாகாமல் தடுக்கும். ஆனால் வறண்ட உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதே புரோஸ்டாகிளாண்டின் தயவில்தான். தொட்டி நிரம்பாமல் இந்த ஊசியை மட்டும் நம்புவது ஆபத்து.

உறைதலை அடக்கும் மருந்தின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. 1987-இல் வெளியான ஆய்வில், உயிர்கொல்லும் அளவு ஈ.கோலை செலுத்தப்பட்ட பபூன் குரங்குகளைச் செயலூக்கப்பட்ட புரதம் சி காப்பாற்றியது. 2001-இல் அமெரிக்கா மனிதர்களுக்கு அனுமதித்தது. மறுபடி சோதித்தபோது பலன் தெரியவில்லை. 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வகத்தில் மருந்து கிருமியோடு சேர்ந்தே உள்ளே போனது. நோயாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மாட்டுக்கும் இல்லை. தொண்டை வீங்கியதைப் பார்த்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடிப்பதற்குள் பசை பாதி தீர்ந்திருக்கும். தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஆகவே ஆவணியிலேயே போட்டுவிடுங்கள். புரட்டாசி தாண்ட விடாதீர்கள்.