செவியும் மரபும்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, சேயாற்றின் கரையில் அமைந்துள்ளது மாகறல் என்னும் ஊர். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற திருத்தலம் அது. அதனைச் சூழ்ந்த காஞ்சி வட்டாரமோ பட்டு நெசவிற்குப் புகழ் வாய்ந்தது. அவ்வட்டாரத்தில் தறியுள்ள இல்லம் ஒன்றை மாணவர்கள் மனக்கண்ணாற் காண்பார்களாக. "தாத்தா, பட்டு வந்துவிட்டது" என்கின்றான் பெயரன். "தட்டா? எதற்கு?" என்று வினவுகின்றார் பாட்டனார். அருகிலிருப்போர் நகைக்கின்றனர். பாட்டனார் அன்று முழுவதும் ஒருவரோடும் பேசாது அமர்ந்திருக்கின்றார். பெயரனது குரல் அவர் செவியில் விழாமல் இல்லை. சொல்தான் மாறி விழுந்தது. அதற்குக் காரணம் யாது?

ஒலி முதலில் செவிப்பறையை அதிரச் செய்கின்றது. அவ்வதிர்வை நடுச்செவியிலுள்ள மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைக் கூடுபோற் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை மின்குறிப்பாக மாற்றி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புவதற்குத் துணைபுரிவன இவையே. காக்ளியாவின் அடிப்பகுதி உச்ச ஒலிகளையும், நுனிப்பகுதி தாழ்ந்த ஒலிகளையும் ஏற்கும். காக்ளியாவின் இயக்கத்தை ஆராய்ந்து விளக்கிய பெக்கசி என்னும் அறிஞர் 1961-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

முதுமையில் பெரும்பாலும் அடிப்பகுதியிலுள்ள செல்களே முதலில் அழிகின்றன. அழிந்தவை மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. உயிரெழுத்துகளின் ஓசை பெரிதும் தாழ்ந்த ஒலிகளால் ஆனது. ஆதலின் அது நன்கு கேட்கின்றது. க, த, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணொலிகளோ உச்சத்தில் உள்ளன. அவை நழுவவே, 'பட்டு', 'தட்டு', 'கட்டு' என்னும் மூன்றும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. இலக்கணத்தில் வல்லினம் எனப் பெயர் பெற்றவை முதிய செவியில் மெலிந்துவிடுகின்றன!

ஒத்த அகவையினர் இருவருள் ஒருவர் 80 வயதிலும் தெளிவாகக் கேட்கின்றார். மற்றவர் 60 வயதிலேயே தடுமாறுகின்றார். இவ்வேறுபாட்டிற்கு மரபும் ஒரு காரணமாகும். அமெரிக்க நாட்டின் பிரேமிங்காம் நகரில் 1948-இல் தொடங்கிய நெடுநாள் ஆய்வில், பெற்றோர், மக்கள் என இரு தலைமுறையினரின் செவித்திறனும் அளக்கப்பட்டது. முதுமைச் செவிக்குறைவில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் 35 முதல் 55 விழுக்காடு மரபணுக்களால் விளைவது என்று 1999-இல் அறிஞர்கள் மதிப்பிட்டனர். இதற்குரிய மரபணு ஒன்றன்று, பலவாகும். பிரித்தானியாவில் இரண்டரை இலட்சம் பேரின் மரபுச் செய்திகளை ஆராய்ந்தோர், செவிக்குறைவோடு தொடர்புடைய 44 இடங்களை 2019-இல் சுட்டினர். அவை ஒவ்வொன்றின் பங்கும் சிறிதேயாம்.

மரபின் குறை சில வேளைகளில் மறைந்து கிடந்து, புறக்காரணம் வந்து சேரும்பொழுது வெளிப்படும். தாய்வழியாக மட்டும் இறங்கிவரும் மரபுப்பொருளில் நிகழும் மாற்றம் ஒன்று 1993-இல் கண்டறியப்பட்டது. அதனை உடையோர் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளைப் பெற்றால், இளமையிலேயே செவித்திறனை இழக்கக்கூடும். ஆகையால், தாய்வழிச் சுற்றத்தாருள் மருந்தினால் செவித்திறன் இழந்தோர் உளராயின், அதனை மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும்.

பேரிரைச்சலும் மயிர்ச்செல்களை அழிக்கும். நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபெல் அளவைக் கடந்த ஒலியில் உழல்வது தீங்கு தரும். இரைச்சல் மிக்க ஆலைகளில் பணிபுரிவோர் செவிக்காப்பு அணிதல் நன்று. காதிற் செருகும் கருவிகளில் உரத்த இசையை நெடுநேரம் கேட்கும் இளைஞர், முதுமையில் வரும் குறையைத் தாமே விரைந்து அழைப்பவராவர்.

செவிக்குறையுடைய பெரியோரிடம் கூச்சலிடுதல் பயன் தராது. கூச்சலால் உயிரோசை பெருகுமேயன்றி மெய்யோசை தெளிவுறாது. முகம் நோக்கி, நிறுத்திச் சொல்லுதலே தக்கது. செவிச் சோதனை செய்வித்து, வேண்டுமாயின் கேட்புக் கருவி பெற்றுத் தருதலும் இளையோர் கடமையாகும். பேச்சில் கலக்க இயலாதவர் வீட்டிலிருந்தும் தனியராவர் என்பதை மறத்தலாகாது.

தறியில் பாவு முன்னரே நீட்டப்பட்டிருக்கும். ஊடையோ பின்னர் நெய்யப்படுவது. இரண்டும் சேர்ந்தே ஆடையாகின்றது. மரபு பாவினை ஒத்தது. வாழும் முறை ஊடையை ஒத்தது. பாவினை மாற்றுதல் நெய்வோன் கையில் இல்லை. ஊடையைச் செம்மையாக ஓட்டுதல் அவன் கையில் உள்ளது. இன்று பாட்டனாரை நோக்கி நகைக்கும் பெயரன், அவருடைய பாவின் இழைகள் சிலவற்றைத் தானும் பெற்றிருக்கின்றான் என்பதை உணர்வானாக.