நகர விநியோகத்தின் கடைசி மைல்: சில பொருளியற் குறிப்புகள்

ஒரு பண்டம் உற்பத்தியாகும் இடத்திலிருந்து நுகர்வோர் கைக்கு வந்து சேரும் வரை கடக்கும் தூரத்தில் மிகக் குறுகியது அதன் இறுதிக் கட்டமாகும். கப்பலும் லொறியும் ஆயிரக்கணக்கான பொதிகளை ஒருங்கே சுமந்து வருகின்றன. நகரக் களஞ்சியத்திலிருந்து வீட்டு வாசல் வரையிலான எஞ்சிய சில மைல்களையோ ஒவ்வொரு பொதியும் ஏறத்தாழத் தனித்தே கடக்கவேண்டியுள்ளது. போக்குவரத்துத் துறையினர் 'கடைசி மைல்' என வழங்கும் இக்கட்டம் தூரத்திற் சிறிதாயினும் செலவிற் பெரிது. தலையீடு எதுவும் இல்லாவிடின், உலகின் பெரிய 100 நகரங்களில் விநியோக வாகனங்களின் தொகை 2030ஆம் ஆண்டளவில் 36 சதவீதம் பெருகும் என உலகப் பொருளாதார மன்றம் 2020 சனவரியில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அவ்வறிக்கை வெளிவந்து இரு மாதங்களுள் கொழும்பிலும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அதுவரை வசதி படைத்தோரின் சௌகரியமாக இருந்த வீட்டு விநியோகம் நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாயிற்று.

இதனாற் பெருகும் புகைக்கும் நெரிசலுக்கும் பொதுவாகக் கூறப்படும் பரிகாரம் மின்வாகனமே. பெற்றோல் இயந்திரத்தின் இடத்தில் மின்கலத்தை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் அடிக்கடி தொனிக்கும் கருத்தாகும். புகை குறையும் என்பதில் ஐயமில்லை. ஆயின் நெரிசல் குறையாது. வீணாகும் ஓட்டமும் குறையாது. வாகனம் எதனால் ஓடுகிறது என்பதற்கு முன்னர், ஒரு முறை ஓடும்போது அது எத்தனை வீடுகளுக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி எழுப்பப்படுதல் வேண்டும்.

இதனை விளக்கக் கணிதவியலிலிருந்து ஒரு முடிவை இரவல் பெறலாம். ஒரு பரப்பிற் சிதறிக் கிடக்கும் பல புள்ளிகளையும் ஒரே சுற்றில் தொட்டுவரும் மிகக் குறுகிய பாதையின் நீளம், புள்ளிகளின் தொகையோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. அத்தொகையின் வர்க்கமூலத்தோடேயே வளர்கிறது. பியர்ட்வுட், ஹால்ற்றன், ஹாமர்ஸ்லி ஆகிய மூவர் 1959இல் நிறுவிய முடிவு இது. அதாவது, ஒரு பகுதியில் வீடுகள் நான்கு மடங்காகும்போது சுற்றின் நீளம் இரு மடங்கே ஆகும்; பொதியொன்றிற்கான தூரம் பாதியாகக் குறையும். இப்போது இதனை மறுபுறமாக நோக்குவோம். ஒரே பகுதியில் ஒரு நாளைக்கு 400 பொதிகள் சேர வேண்டியுள்ளன எனக் கொள்வோம். அவற்றை ஒருவர் சுமந்தால் ஆகும் தூரத்தைப் போல் இரு மடங்கு தூரம், நான்கு கம்பனிகள் நூறு நூறாகப் பங்கிட்டுச் சுமக்கும்போது ஓடப்படுகிறது. களஞ்சியத்திலிருந்து அப்பகுதிக்கு வந்து மீளும் தூரம் இதில் அடங்கவில்லை. பொதியின் தொகை மாறவில்லை, பெற்றவர்கள் மாறவில்லை. ஓட்டம் மட்டும் இரட்டித்துவிட்டது. போட்டி சுமையைக் கூறுபோடுவது போலவே வேகமும் கூறுபோடுகிறது. 'ஒரு மணி நேரத்தில் தருவோம்' என்னும் வாக்குறுதி நாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சில பொதிகளையே விட்டுவைக்கிறது. அதன் எல்லை நிலைதான் ஒரே ஒரு சோற்றுப் பொதியுடன் சென்று வெறுமையாகத் திரும்பும் மோட்டார் சைக்கிள்.

இவ்வுண்மை புதியதன்று. எல்லா அனுப்புநர்களின் கடிதங்களையும் ஒரே பையிலிட்டு ஒரு தெருவிற்கு ஒரு முறை செல்லும் தபாற்காரர் இதனை நெடுங்காலமாக நடைமுறைப்படுத்தி வந்துள்ளார். நமது ஒழுங்கைகளில் காலையிலும் மாலையிலும் பீத்தோவனின் 'ஃபூர் எலீசே' இசைத்துண்டை ஒலித்தபடி வரும் பாண் முச்சக்கர வண்டியும் அத்தகையதே. 'சூன் பாண்' என மக்கள் அழைக்கும் அவ்வண்டியின் இசை சிலருக்கு எரிச்சலூட்டலாம். எனினும் ஒரே ஓட்டத்தில் பல வீடுகளுக்குப் பாண் வழங்கும் அதன் சிக்கனத்தைச் செயலியின் கணிப்பொறி இன்னும் எட்டவில்லை.

இத்துணை வீணான ஒரு முறை எவ்வாறு நிலைத்து நிற்கிறது? வீண் செலவு கம்பனியின் கணக்கேட்டில் ஏறுவதில்லை என்பதே விடை. மோட்டார் சைக்கிள் தொழிலாளியுடையது. எரிபொருளும் பழுதுபார்ப்பும் அவருடையன. பெரும்பாலும் கூலி பொதியொன்றிற்கு இவ்வளவு என வழங்கப்படுகிறது. உணவகத்தின் முன் காத்திருக்கும் நேரத்திற்கும் வெறுமையாகத் திரும்பும் தூரத்திற்கும் தனிக் கூலி இல்லை. துண்டுக் கூலி முறையில் தொழிலாளி தானே தன் வேலைநாளை நீட்டிக்கொள்ள உந்தப்படுவதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) எடுத்துக்காட்டினார். நமது காலத்தில் அதற்கு மற்றுமொரு விளைவு உண்டு: காத்திருக்கும் ஆளுக்குச் செலவில்லையாதலால் பொதிகளை ஒன்றுசேர்த்து அனுப்ப வேண்டிய கட்டாயமும் கம்பனிக்கு இல்லை. உழைப்பின் வீணும் எரிபொருளின் வீணும் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன. சூழல் பற்றிய ஆய்வுகள் ஒருபுறமும் தொழிலுறவு பற்றிய ஆய்வுகள் மறுபுறமுமாகப் பிரிந்து நடப்பதால் இத்தொடர்பு போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி இதனை வெளிச்சமிட்டுக் காட்டியது. ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. யூலையில் அறிமுகமான கியூ.ஆர். பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றரே ஒதுக்கப்பட்டது. அதனைக் கொண்டு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடலாம். நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்கு அது இரண்டு நாட் பிழைப்பு. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியதன் சுமை, முதலாளி எனத் தன்னை ஒப்புக்கொள்ளாத கம்பனியைத் தாண்டி, நேரே தொழிலாளியின் எரிபொருட் தாங்கியில் வந்து இறங்கியது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் வேலைகொள்வோர் ஒருவர் இருக்கிறார் என்னும் எடுகோளின் மீது எழுந்தவை. செயலியோ அந்த எடுகோளையே மறுக்கிறது. ஸ்பெயின் 2021இல் உணவு, பொதி விநியோகத் தொழிலாளரை ஊழியர் எனக் கருதும் சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் அத்திசையில் ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது.

சூடான உணவு காத்திராது, ஆதலின் அதனை ஒன்றுசேர்த்தல் இயலாது என வாதிடுவோர் உளர். 1890 முதல் இயங்கும் பம்பாயின் டப்பாவாலாக்கள் இவ்வாதத்திற்கு ஓரளவு விடை கூறுகின்றனர். வீடுகளிற் சேகரித்த உணவுக் கலன்களை நிலையங்களில் வகைபிரித்து, புறநகர் ரயிலிலும் சைக்கிளிலும் கொண்டுசென்று, மதிய உணவு வேளைக்குள் அலுவலகங்களில் ஒப்படைப்பது அவர்களது முறை. நேரம் முன்கூட்டியே உடன்பட்டது என்பதே அதன் இரகசியம். 2020இல் அலுவலகங்கள் மூடப்பட்டபோது அவர்களும் பெரிதும் நலிவுற்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. இரவு பதினொரு மணிக்கு எழும் திடீர்ப் பசிக்கு அம்முறையில் இடமில்லை. ஆயின் நகரத்தின் விநியோகம் முழுவதும் அத்தகைய பசியன்று. துணிமணி, புத்தகம், மளிகை ஆகியன மறுநாள் வரை தாராளமாகக் காத்திருக்கும்.

ஜெர்மனியின் ஹாம்பேர்க் நகரில் 2012இல் யூ.பி.எஸ். கம்பனி நகர மையத்தில் கொள்கலன்களை நிறுத்தி, அவற்றிலிருந்து பொதிகளைக் கால்நடையாகவும் சுமை சைக்கிளிலும் எடுத்துச் செல்லும் முறையைத் தொடங்கியது. கொழும்பில் வெள்ளவத்தை இதற்கு இயல்பாகவே பொருந்தும். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் குறுகிய ஒழுங்கைகள், இருமருங்கும் தொடர்மாடிகள், சமதரை. ஒரு சிறு களஞ்சியத்திலிருந்து கைவண்டியோ சைக்கிளோ கொண்டு பல நூறு வீடுகளை அடைந்துவிடலாம். ஆனால் ஹாம்பேர்க்கின் கொள்கலன் ஒரே கம்பனியின் பொதிகளுக்கானது. அதனை அவ்வாறே இங்கு பின்பற்றினால் ஒரே ஒழுங்கைமுனையில் நான்கு கம்பனிகளின் நான்கு களஞ்சியங்கள் நிற்கும். மேலே கண்ட வர்க்கமூலக் கணக்கு மீண்டும் தலைதூக்கும். களஞ்சியம் மாநகர சபைக்கோ அஞ்சல் திணைக்களத்திற்கோ உரியதாய், எல்லாக் கம்பனிகளின் பொதிகளையும் ஏற்பதாய், அங்கு பணிபுரிவோர் மாதச் சம்பளம் பெறுவோராய் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தெருவிற்கும் ஒரு தபாற்காரரை ஏற்கனவே வைத்திருக்கும் நாட்டில் இதற்கான அமைப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.