அடிக்குமுன் அடையாளம் காணுங்கள்

குசினி மூலையிலோ கிணற்றடியிலோ பெரிய கபில நிறச் சிலந்தியொன்று விரைந்தோடினால், "டரன்டியூலா!" என்று பதறித் தும்புத்தடியைத் தேடுகின்றோம். நிலத்தில் அப்படி ஓடுவது பல வேளைகளில் ஓநாய்ச் சிலந்திதான்.

இக்குழப்பம் மிகப் பழையது. தென் இத்தாலியிலுள்ள தாரந்தோ நகரின் பெயரால் முதன்முதலில் டரன்டியூலா என்றழைக்கப்பட்டதே ஓர் ஓநாய்ச் சிலந்திதான். அது கடித்தவர் ஓயாமல் ஆடினால்தான் விஷம் இறங்குமென அக்கால மக்கள் நம்பினர். உண்மையில் அதன் கடியால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை. பின்னர் ஐரோப்பியர், அமெரிக்காவில் கண்ட உரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கும் அப்பெயரைச் சூட்டினர். இன்று அப்பெயர் குறிப்பது அவற்றின் குடும்பத்தையே.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

முதலாவது, கண்கள். இரண்டுக்கும் எட்டுக் கண்கள். ஓநாய்ச் சிலந்திக்குக் கீழே நான்கு சிறியவை, நடுவே இரண்டு பெரியவை, மேலே இரண்டு. இரவில் டோர்ச் அடித்தால் அவை மின்னும். டரன்டியூலாவின் கண்களோ சிறியவை. தலைமேல் ஒரு மேட்டில் நெருங்கியிருக்கும்.

இரண்டாவது, உடல். பெரிய ஓநாய்ச் சிலந்தியின் உடலும் ஓரங்குலம் அளவுதான். கால்கள் நுனி நோக்கி மெலியும். டரன்டியூலா பருத்தது, அதன் கால்கள் நுனிவரை தடித்து உரோமம் அடர்ந்திருக்கும்.

மூன்றாவது, தாய்மை. ஓநாய்ச் சிலந்தி தன் முட்டைப் பையை உடலின் பின்நுனியில் ஒட்டிச் சுமந்து திரியும். குஞ்சுகள் வெளிவந்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். முதுகு கரடுமுரடாகத் தெரிந்தால் அது நோயல்ல, பிள்ளைகள்!

சுவரில் நண்டுபோல் கால்களை விரித்துத் தட்டையாக ஒட்டியிருப்பது வேறொரு வகை வேட்டைச் சிலந்தி.

நம் நாட்டில் உண்மையான டரன்டியூலாக்களும் உண்டு. மரப்பொந்துகளில் வாழும் இவற்றுட் சிலவற்றைச் சிங்களத்தில் 'திவிமகுளுவா' என்பர். இவை கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் ஏற்படலாம். ஆகவே பிள்ளைகளை மரப்பொந்துகளில் கைவிட விடாதீர்கள்.

எந்தச் சிலந்தி கடித்தாலும் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். வலி கூடினாலோ, தசை இழுத்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வீட்டுக்குள் வந்த ஓநாய்ச் சிலந்தியை ஒரு கிளாஸால் மூடி, அடியில் தடித்த அட்டையைச் செருகித் தோட்டத்தில் விடலாம். பூச்சிகளைத் தின்று அது நமக்கு உதவியே செய்கின்றது. சகோதரிகளே, தும்புத்தடியை ஓங்குமுன் அதன் முதுகை ஒருமுறை பாருங்கள்.