குதிரைக்குக் கோயிலில் என்ன வேலை?

சிறுமலை வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறீர்களா? பார்வைக்கு ஒன்றும் பிரமாதமாக இராது. பழுத்த பிறகு தோல் சற்றுச் சுருங்கி, "இதையா இந்த விலைக்கு வாங்கினோம்?" என்றுகூடத் தோன்றும். உரித்து வாயில் போட்டால்தான் அதன் அருமை தெரியும். அப்படி ஒரு மணம். அப்படி ஒரு தித்திப்பு!

திண்டுக்கல்லிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி பஸ் மேலே ஏறி முடிப்பதற்குள், கீழே கொளுத்திய வெயில் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் இந்த ரோடு எல்லாத் தோட்டங்களுக்கும் போவதில்லை. மலைச் சரிவுகளில் எங்கோ உள்ளடங்கியிருக்கும் தோட்டங்களிலிருந்து வாழைத் தாரையும், பலாவையும், எலுமிச்சை மூட்டையையும் ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை குதிரைகள். ஆம், குதிரைகள்தாம்! சமவெளிக் குடியானவனுக்கு மாடு எப்படியோ, சிறுமலைக்காரருக்குக் குதிரை அப்படி. ஒற்றையடிப் பாதையில் கல்லும் முள்ளும் பாராமல், இரண்டு பக்கமும் பொதி தொங்க, அவை இறங்கி வருகிற அழகே தனி.

பொங்கல் சமயத்தில் ஊரெல்லாம் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுகிறார்கள் அல்லவா? சிறுமலையில் குதிரைக்கும் அந்த மரியாதை உண்டு. குளிப்பாட்டி, மாலை போட்டு, அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். குருவானவர் ஜபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். குதிரை காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

குதிரைக்குக் கோயிலில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போனால், கிறிஸ்தவ வாழ்க்கையின் நடு முற்றத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

வனத்துத் துறவி

தமிழ் நாட்டில் அந்தோணியார் என்றதும் பலருக்கு, குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய பதுவா நகர் அந்தோணியார்தான் ஞாபகத்துக்கு வருவார். அவருடைய திருநாள் ஜூன் 13-ஆம் தேதி. பொங்கலை ஒட்டி, ஜனவரி 17-ஆம் தேதி வருவது வேறொருவருடைய திருநாள். அவர் வனத்து அந்தோணியார். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து தேசத்தில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இருந்த சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குத் தவம் செய்யப் போனவர். ஆடு மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் காவலர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும்கூட அன்றைக்குக் குதிரைகளையும் கழுதைகளையும் கோயில் வாசலுக்கு ஓட்டி வருவது வழக்கம்.

நம் பக்கத்தில் அந்தத் திருநாள் பொங்கலோடு கைகோத்துக்கொண்டு 'அந்தோணியார் பொங்கல்' ஆகிவிட்டது. சிறுமலை அடிவாரத்திலுள்ள தவசிமடையில் அந்தோணியார் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டே நடக்கிறது.

இதெல்லாம் வெறும் வேடிக்கையா? இல்லை. "இந்த மலை என்னுடையதல்ல, இந்த மழை நான் பெய்வித்ததல்ல, இந்த வாயில்லா ஜீவனின் உயிர் நான் ஊதியதல்ல" என்று, வருஷத்தில் ஒரு நாளாவது வந்து சொல்லிவிட்டுப் போவதுதான் அதன் உட்பொருள். இதைத்தான் கிறிஸ்தவர்கள் 'கடவுளுக்கு மகிமை செலுத்துதல்' என்கிறார்கள்.

பத்துப் பேரில் ஒருவன்

உங்கள் பக்கத்து வீட்டில் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தால் நீங்களே கேட்டிருப்பீர்கள். "உங்கள் பெண் முதல் மார்க்காமே!" என்று சொன்னால், அந்த அம்மாள், "எல்லாம் ஆண்டவருடைய கிருபை. அவருக்கே மகிமை" என்பாள். நாம் அதை ஏதோ வாய் உபசாரம் என்று நினைத்துவிடுகிறோம்.

கடவுளுக்கு நம்முடைய புகழ்ச்சி எதற்கு? ராஜாக்களைப் போல அவரும் கொலு வீற்றிருந்து, "என்னைப் பாடுங்கள்" என்று கேட்கிறாரா? வேதாகமத்தில் லூக்கா எழுதிய ஒரு சம்பவம் இதற்கு நல்ல விடை.

பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று இயேசுவைக் கூவி அழைக்கிறார்கள். பத்துப் பேருக்கும் குணமாகிறது. ஒன்பது பேர் போனவர்கள் போனவர்கள்தாம். ஒருவன் மட்டும் பாதி வழியில் திரும்புகிறான். உரத்த குரலில் கடவுளை மகிமைப்படுத்திக்கொண்டே வந்து காலில் விழுகிறான். அவனோ சமாரியன், ஊராரால் அந்நியன் என்று ஒதுக்கப்பட்டவன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார்.

அந்த ஒன்பது பேரும் கெட்டவர்கள் அல்ல. எத்தனையோ காலமாகப் பார்க்காத மனைவி மக்களைப் பார்க்க ஓடியிருப்பார்கள். குழந்தைக்கு ஜுரம் என்றால் நாமும் விடிய விடிய வேண்டிக்கொள்கிறோம். ஜுரம் விட்ட மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடுகிறது. வேண்டுதல் மறந்து போகிறது. குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் திரும்பி வந்தவனுக்கு அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்தது. பெற்றது யாரிடமிருந்து என்பதை அவன் அறிந்துகொண்டான். மகிமை செலுத்துவது என்றால் வேறொன்றுமில்லை, திரும்பி வருவதுதான். கடவுளுக்கு அதனால் ஒன்றும் கூடிவிடாது. நமக்குத்தான் கண் திறக்கிறது.

குழல் விளக்கும் தலைப்பெழுத்தும்

திரும்பி வரவொட்டாமல் நம்மைத் தடுப்பது எது? பெயர் ஆசை! கோயில்களில் குழல் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். விளக்கின் மேலேயே 'உபயம்' என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். வெளிச்சத்தில் பாதி அந்த எழுத்துக்கே போய்விடும். மாதா கோயிலானாலும் இதே கதைதான். மனுஷ சுபாவம் மதம் பார்ப்பதில்லை.

இதற்கு மாற்றாக ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லலாம். நம் வீடுகளில் கடிதமானாலும் மளிகை லிஸ்டானாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுகிறோம் அல்லவா? சேசு சபைப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் தலையில் 'ஏ.எம்.டி.ஜி.' என்று நாலு எழுத்துப் போடுவதுண்டு. 'கடவுளின் மேலான மகிமைக்காக' என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துக்கள் அவை. சபையை நிறுவிய இஞ்ஞாசியார் விட்டுப் போன சொத்து அது. அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான் நமது வீரமாமுனிவரும். இத்தாலியில் பிறந்து, தமிழில் 'தேம்பாவணி' பாடி, 1747-ல் காலமான கான்ஸ்டன்டைன் பெஸ்கி. திண்டுக்கல்லில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பெஸ்கி இல்லத்தில், துறவு வாழ்வில் புகும் இளைஞர்கள் இன்றும் பயிற்சி பெறுகிறார்கள்.

ஜெர்மனியில் பாக் என்ற சங்கீத மேதை இருந்தார். அவர் இந்த எழுத்தைக் கடைசியில் போட்டார்! தம்முடைய தேவாலய இசைப் படைப்புகள் பலவற்றை எழுதி முடித்ததும், கீழே 'எஸ்.டி.ஜி.' என்று குறித்தார். 'கடவுளுக்கு மட்டுமே மகிமை' என்பது அதன் பொருள். தொடங்கும்போது கடவுளை நினைப்பது சுலபம். பயம் நினைக்க வைத்துவிடும். கச்சேரி முடிந்து சபையோர் கை தட்டும்போது நினைப்பதல்லவா கஷ்டம்!

பந்தியும் சுவரும்

திண்டுக்கல் நகரை ஒட்டி முத்தழகுபட்டி என்று ஓர் ஊர். அங்கே செபஸ்தியார் கோயில் இருக்கிறது. ரோமாபுரியில் சிப்பாயாக இருந்து, விசுவாசத்துக்காக அம்பு தைக்கப்பட்டவர் செபஸ்தியார். கொள்ளை நோய்க் காலங்களில் ஜனங்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஆகஸ்டு மாதத் திருவிழாவில், நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியுமாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். எல்லாம் ஒரே இடத்தில் சமையலாகிறது. பிறகு விருந்து! வருகிற ஆயிரக்கணக்கானவர்களை என்ன ஜாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. தென் ஜில்லாக்களில் இத்தகைய பொது விருந்தை 'அசனம்' என்பார்கள்.

கவனித்தீர்களா? காணிக்கை கடவுளுக்கு; சாப்பிடுகிறவர்கள் ஜனங்கள். கடவுளுக்கென்று கொடுத்தது பசித்தவன் இலையில் போய் விழுகிறது. நான் கொடுத்த ஆடு எது, நீங்கள் கொடுத்த ஆடு எது என்று குழம்பில் பிரித்துப் பார்க்க முடியுமா?

ஆனால் இதே தமிழ்நாட்டில் வேறு ஒரு காட்சியும் இருந்தது. அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில், கோயிலுக்குள்ளேயே ஜாதிக்கு ஜாதி பிரித்து வைக்கச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே பூசை, ஒரே பாட்டு, ஒரே 'மகிமை'. நடுவிலே சுவர்! 1910-ல் அதை இடித்தார்கள். சும்மா விடுவார்களா? வழக்கு மதராஸ் ஹைகோர்ட் வரை போயிற்று. சுவர் மறுபடி எழும்பவில்லை. அங்கே எத்தனையோ வருஷங்கள் பாடிய பாட்டைவிட, சுவரை இடித்த கடப்பாரைச் சத்தம் கடவுளின் காதுக்கு இனிமையாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். வெவ்வேறு பெயர்களில் இன்றும் சில ஊர்களில் அந்தச் சுவர் நிற்கத்தான் செய்கிறது. நம் வீட்டு அடுக்களையிலும், வேலைக்காரிக்கென்று தனி டம்ளர் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

தார் தள்ளாத வருஷம்

எல்லாம் நன்றாக நடக்கும்போது மகிமை செலுத்திவிடலாம். நடக்காவிட்டால்?

சிறுமலை அந்தச் சோதனையையும் கண்டிருக்கிறது. முடிக்கொத்து நோய் என்று ஒரு நோய் மலை வாழையைப் பிடித்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய். இலைகள் உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும்; மரம் குன்றிவிடும்; தார் தள்ளாது. தோட்டம் தோட்டமாக வாழை அழிந்தது. தார் இல்லாத மலையில் குதிரைக்கு ஏது பொதி?

வேதாகமத்தில் ஆபகூக் என்ற தீர்க்கதரிசி இருக்கிறார். அத்தியும் திராட்சையும் ஒலிவமும் பொய்த்து, தொழுவம் காலியாகிவிட்டாலும், கடவுளிடம் கொண்ட களிப்பை விடமாட்டேன் என்று பாடியவர். அத்திக்குப் பதில் வாழை என்று வைத்துக்கொண்டால், அது சிறுமலைப் பாட்டு ஆகிவிடும். துக்கத்தை மறைத்துச் சிரிக்கச் சொல்லவில்லை அவர். அழுதுகொண்டே திரும்பி வரலாம் என்கிறார். அப்படி வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டும் உட்காருவதில்லை. பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு முறையில் நோயில்லாத கன்றுகளை உண்டாக்கிக் கொடுத்தது. மலையில் மறுபடியும் வாழை வைத்தார்கள். சிறுமலை மலை வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மண்ணை வெட்டிக் கன்று ஊன்றிய அந்தக் கைகளும் மகிமை செலுத்திய கைகள்தாம்.

தோசை திருப்பும் நேரம்

"எனக்கு மலையும் இல்லை, குதிரையும் இல்லை. காலையில் எழுந்தால் காப்பி, டிபன், சாப்பாடு. இதில் மகிமைக்கு நேரம் எங்கே?" என்கிறீர்களா?

உங்களுக்காகவே ஒருவர் இருந்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில், பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையல்காரராக இருந்த சகோதரர் லாரன்ஸ். முன்னாள் சிப்பாய், கால் ஊனம். சமையல் வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுளுக்காகவே செய்தார். மணியடித்து ஜபம் செய்யும் நேரத்துக்கும், பாத்திரங்கள் உருளும் நேரத்துக்கும் அவர் வித்தியாசம் பார்க்கவில்லை. சாப்பிட்டாலும் குடித்தாலும் கடவுளின் மகிமைக்காகச் செய்யுங்கள் என்று பவுல் எழுதினாரே, அதை அடுப்பங்கரையில் நடத்திக் காட்டியவர் அவர்.

நாளைக் காலையில் தோசையைத் திருப்பும்போது இதை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டவர்கள் நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமலே எழுந்து போகலாம். போகட்டும்; பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான். அந்த ஒருவராக நாம் இருந்தால் போதாதா?

திருநாள் முடிந்த மறுநாள், சிறுமலைக் குதிரை வழக்கம்போல் பொதி சுமக்கப் போகிறது. கழுத்தில் வாடிய மாலையின் நார் மட்டும் மிச்சம். சுமை குறைந்துவிடவில்லை. ஆனால் அதை ஓட்டிப் போகிறவருக்கு, இது யாருடைய மலை என்பது தெரிந்திருக்கிறது.