சூரிய மின்சாரமும் இடியப்பத் தட்டும்

வர்த்தகக் கண்காட்சி என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மலிவு விலைச் சேலையும் பிளாஸ்டிக் வாளியும்தான். யாழ்ப்பாணத்தில் 2010 ஆம் ஆண்டு தொடங்கிய சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்குப் பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். இன்று இத்தகைய கண்காட்சிகளில் எங்கு திரும்பினாலும் "பசுமை" என்ற சொல் கண்ணில் படுகின்றது. சூரிய மின்தொகுதி, சூரிய நீர்ப்பம்பி, மின்சார மோட்டார் சைக்கிள், சொட்டுநீர்ப்பாசனக் குழாய் என்று வரிசையாக வைத்திருக்கின்றார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. 2016 ஆம் ஆண்டில் வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் பெறுவதை ஊக்குவிக்க அரசாங்கம் "சூரிய பல சங்கிராமய" என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அதே ஆண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. 2020 இல் புரெவி, 2025 இல் டித்வா எனப் புயல்களும் வந்தன. காலநிலை மாறுவதை வயலிலும் கடலிலும் நாம் பார்க்கின்றோம். அதற்கேற்ற பொருள்களை வியாபாரிகள் கொண்டுவருவது நல்லதே. ஆனால் அந்தப் பொருள் எமக்குப் பொருந்துமா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

எமது மாதர் சங்கத்தைச் சேர்ந்த பதினொரு பேருடன் நகரில் நடந்த ஒரு கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். அவர்களுள் ஓர் அக்கா 2009 இல் கணவரை இழந்தவர். பனையோலை வேலை செய்தே மூன்று பிள்ளைகளையும் வளர்த்தவர். சூரிய மின்தொகுதி விற்கும் ஒரு கூடத்தில் அவர் நெடுநேரம் நின்றார். நான் அருகில் போனபோது கையில் பேனை இருந்தது.

"பிள்ளை, இதைப் பூட்டினால் கரண்ட் பில்லே வராதாம். கையெழுத்துப் போடட்டோ?" என்று கேட்டார்.

தவணைப்பணம் எவ்வளவு என்று விசாரித்தேன். மாதம் 14,000 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கு என்றார்கள். "அக்கா, உங்கள் பில் எவ்வளவு வரும்?" என்றேன். "அறுநூறு மட்டில்" என்றார். இருவரும் ஓர் ஓரமாக நின்று கணக்குப் பார்த்தோம். ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டும் மின்கட்டணம் 36,000 ரூபாய். தவணையோ 840,000 ரூபாய்.

மிகுதி மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கலாம் என்று அந்தக் கூடத்தில் சொன்னார்கள். அந்த ஏற்பாடு உண்மையில் உள்ளதுதான். ஆயினும் அக்காவின் காணி உறுதியும் மின் இணைப்பும் இன்னும் மாமனார் பெயரில் இருக்கின்றன. கூரையின் பாதியில் மரநிழல் விழுகின்றது. புதிதாக இணைபவர்களுக்குக் கொடுக்கும் விலையும் காலத்துக்குக் காலம் மாறுகின்றது. மின்கட்டணம் அதிகமாக வரும் வீட்டுக்கும் கடைக்கும் நன்மை தரும் பொருள், அறுநூறு ரூபாய் கட்டும் வீட்டுக்குக் கடனாக முடிந்துவிடும்.

கடன் எமக்குப் புதியதல்ல. நுண்கடன் வாங்கிய பெண்கள் தவணை கட்ட முடியாமல் பட்ட துன்பம் காரணமாக, 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான கடன்களைச் சில நிபந்தனைகளுடன் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியிருந்தது. "பசுமை" என்ற பெயரில் வந்தாலும் கடன் கடன்தான்.

அக்கா பேனையைத் திருப்பிக் கொடுத்தார். வேறொரு கூடத்தில் சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் சிறு விளக்கொன்றைக் கைக்காசுக்கு வாங்கினார். மின்சாரம் நின்றாலும் இரவில் ஓலை பின்ன அது போதும் என்றார்.

எங்கள் பொருளும் பசுமைதான்

வெளியே வரும் வழியில் சுற்றாடலுக்கு உகந்த பொருள்கள் விற்கும் கூடமொன்று இருந்தது. அங்கே பனை ஈர்க்கில் பின்னிய இடியப்பத் தட்டுகளை அழகாக அடுக்கியிருந்தார்கள். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ரை பின்னல்" என்றார். அவரிடமிருந்து வியாபாரி வாங்கும் விலையைப் போல நான்கு மடங்கு விலை அதில் எழுதியிருந்தது.

2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் முதலியவற்றை உற்பத்தி செய்வதும் விற்பதும் எமது நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. எனவே ஈர்க்குத் தட்டுக்குச் சந்தை இருக்கின்றது. ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கக்கூடிய, விறகை மிச்சப்படுத்தும் "அனகி" மண் அடுப்பும் எமது நாட்டிலேயே உருவானது. பசுமைத் தொழில்நுட்பம் என்பது வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருவது மட்டுமல்ல.

அன்று வேனில் திரும்பும்போது யாரும் சேலையைப் பற்றிப் பேசவில்லை. தனியாகக் கூடம் எடுக்க எவ்வளவு ஆகும் என்பதே பேச்சாக இருந்தது. அடுத்த ஆண்டு ஐந்து பேர் சேர்ந்து பணம் போட்டார்கள். பிரதேச செயலகத்தில் சிறுதொழிலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் உதவியுடன் ஒரு மேசைக்கு இடம் கிடைத்தது. கொண்டுபோன தட்டுகள் இரண்டாம் நாளே முடிந்துவிட்டன. பெரிய இலாபம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் விலையை முதன்முறையாக அவர்களே எழுதினார்கள்.

கண்காட்சிக்குச் செல்லும்போது கேளுங்கள்

1. மொத்தமாக எவ்வளவு கட்டி முடிக்க வேண்டும்? இப்போது ஆகும் செலவைவிட அது குறைவா?

2. பழுதடைந்தால் திருத்துபவர் எமது மாவட்டத்தில் இருக்கின்றாரா?

3. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? எழுத்தில், நமக்கு விளங்கும் மொழியில் தருவார்களா?

4. காணியும் மின் இணைப்பும் யார் பெயரில் உள்ளன?

5. ஒரு நாள் யோசித்துவிட்டு வரலாமா? "இன்று மட்டும்தான் இந்த விலை" என்றால் அன்று கையெழுத்திட வேண்டாம்.

சகோதரிகளே, கண்காட்சிக்குப் போங்கள். புதியவற்றைத் தொட்டுப் பாருங்கள், விளக்கம் கேளுங்கள். போகும்போது நீங்கள் செய்த பொருளிலும் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கக்கூடியவரும் அங்கே நிற்கக்கூடும்.